யாருடைய வேதனை?

நோயுற்ற மனிதனுக்குப் படுக்கை உண்டு. கால் எலும்பு முறிந்தவன் மாதக்கணக்கில் கட்டிலிலே கிடந்து, உற்றார் கொடுக்கும் கஞ்சியைக் குடித்து, எலும்பு கூடும்வரை காலத்தைத் தள்ளிவிடலாம். அவனுடைய சரீரம் அதற்கு இடங்கொடுக்கிறது. குதிரைக்கு அந்தப் பாக்கியத்தைப் படைப்பு அளிக்கவில்லை. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள அந்தப் பிராணி, தன் பருமனுக்குச் சிறிதும் பொருந்தாத மெல்லிய கால்களின்மீது நின்றபடியே வாழவும், பெரும்பாலும் நின்றபடியே உறங்கவும் அமைந்தது; சிறிது நேரம் படுத்தெழுவது அதற்குச் சுகம், நெடுநேரம் கிடந்துவிட்டாலோ தசையும் குடலும் நுரையீரலும் கெட்டு உயிருக்கே அபாயம் வந்துவிடும். ஆகவே முறிந்த காலோடும் அது நின்றே தீரவேண்டும். நோகும் காலைத் தூக்கிக்கொண்டு மற்றக் காலின்மீது முழுப் பாரத்தையும் சாய்த்து நிற்கையில், அந்த நல்ல காலுக்கும் கேடு தொடங்குகிறது. குளம்புக்குள் இரத்தம் ஓடுவது காலை ஊன்றுவதும் எடுப்பதுமான இயக்கத்தைப் பெரிதும் நம்பியிருப்பதால், ஊன்றிய கால் எடுபடாமலே இருந்துவிட்டால், குளம்பின் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய தகடுகள் வாடி, அழற்சி கண்டு, ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தலைப்படுகின்றன. லாமினைட்டிஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் இந்தக் கொடுமை, ஒரு காலைக் காப்பாற்றப் போனவர்களிடமிருந்து மறுகாலையும் பறித்துக்கொள்வது.

இதனால்தான் காலொடிந்த குதிரையை உடனே கொன்றுவிடுவது பல தேசங்களிலும் நெடுங்காலமாக வழக்கமாயிற்று. குதிரையின் நீண்ட நோய் என்ற ஒன்று தானாக வருவது அபூர்வம். யாரோ ஒருவர் அதன் பக்கத்தில் நின்று, இதை நான் இன்று விடமாட்டேன் என்று சங்கற்பம் செய்துகொள்ளும்போதே அது தொடங்குகிறது. பிறகு அந்த நோயின் ஒவ்வொரு நாளும் நோயாளியின் விதியை மட்டுமன்றி, காக்க முனைந்தவரின் சித்தத்தையும் சார்ந்து நிற்கிறது. நோய்ப்பட்ட மனிதன் இன்னும் பொறுப்பேன் என்றோ, போதும் என்றோ சொல்லக்கூடும்; குதிரை சொல்லாது. அதன் பொருட்டு நாம் பொறுக்கிறோம், அதன் பொருட்டு நாமே போதும் என்கிறோம். அப்படிச் சொல்லும் குரல் உண்மையில் யாருடைய வேதனையிலிருந்து எழுகிறது என்ற கேள்வியை, குதிரையோடு வாழ்ந்து அதன் நோயோடும் வாழ நேர்ந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்தித்தே ஆகவேண்டும்.

பார்பரோ என்ற பந்தயக் குதிரையின் சரித்திரம் இந்த விசாரணைக்கு ஏற்றது. ஏனெனில் அதன் நோய் ஊரறிய நடந்தது. 2006ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில், இரண்டாவதாக வந்த குதிரையை ஆறரைக் குதிரை நீளத்துக்குப் பின்னே விட்டு வெற்றிகொண்ட அந்த மூன்று வயதுக் குதிரை, அதுவரை ஓடிய ஆறு பந்தயங்களிலும் தோல்வியையே அறியாதது. இரண்டு வாரம் சென்று, மே 20ஆம் தேதி, பால்டிமோர் நகரத்துப் பிம்லிகோ மைதானத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், ஓட்டம் தொடங்கிய சிறிது நேரத்துக்குள் அதன் வலப் பின்னங்கால் முறிந்தது. ஜாக்கி எட்கர் பிராடோ கடிவாளத்தை இழுத்து நிறுத்திக் கீழே குதித்துக் குதிரையைத் தாங்கிக்கொண்டு நின்றார். மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூ போல்ட்டன் கால்நடை மருத்துவமனையில், டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் நொறுங்கிக் கிடந்த எலும்புகளை ஓர் உலோகத் தகட்டையும் 27 திருகாணிகளையும் கொண்டு இணைத்தார். மயக்கம் தெளியும் சமயத்தில் குதிரை மிரண்டு உதைத்துக்கொண்டால் அத்தனை பிரயத்தனமும் பாழாகிவிடும். 1975ஆம் ஆண்டு ரஃபியன் என்ற புகழ்பெற்ற பெண்குதிரை, அறுவைச் சிகிச்சை முடிந்து விழித்ததும், இன்னும் பந்தயத்தின் நடுவிலே இருப்பதுபோலக் கால்களை உதறிக் கட்டைச் சிதைத்துக்கொண்டு, அந்த இரவைத் தாண்டாமலே கொல்லப்பட நேர்ந்தது. ஆதலால் பார்பரோவை வெதுவெதுப்பான நீர் நிறைந்த குளமொன்றில், கால்களுக்கு இடம்விட்டுச் செய்த ரப்பர்ப் படகிலே மிதக்கவைத்து, நீரின் அணைப்பிலேயே விழித்தெழச் செய்தார்கள்.

ஜூலை மாதத்தில் அஞ்சியது வந்தது. முறிந்த கால் கூடிக்கொண்டிருக்கையில், பாரம் சுமந்த இடப் பின்னங்குளம்பை லாமினைட்டிஸ் பற்றிக்கொண்டது. அந்தக் குளம்புச் சுவரில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. குளம்பு மறுபடி வளர்ந்து இறங்குவது மெல்ல மெல்ல நடக்கும் காரியம். ஆயினும் இலையுதிர்காலத்தில் குதிரை தேறியது. வைத்தியரே கயிற்றைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்று புல் மேயவிட்டார். அதன் சொந்தக்காரர்களான ராய் ஜாக்சனும் அவர் மனைவி கிரெட்சென் ஜாக்சனும் ஓயாமல் வந்து பார்த்தார்கள். அந்த அம்மையார் தம் பண்ணையிலே பறித்த புல்லைக் கொணர்ந்து ஊட்டுவதுண்டு. முன்பின் அறியாதவர்கள் கேரட்டும் ஆப்பிளும் பூக்களும் கடிதங்களும் அனுப்பினார்கள். பட்டினியால் வாடும் குழந்தைகள் இருக்கையில் ஒரு குதிரைக்கு இத்தனை பணமா என்று கேட்டவர்களும், இனவிருத்திக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்ற ஆசையே இந்தக் கருணைக்கு மூலம் என்று சந்தேகித்தவர்களும் அந்நாட்டிலே உண்டு. அந்தச் சந்தேகத்தை நான் நியாயமற்றது என்று தள்ளமாட்டேன். ஆனால் அது வேறொருவர் வந்து சொல்லித் தெரியவேண்டியதன்று. நோயுற்ற பிராணியின் பக்கத்தில் நெடுநாள் இருப்பவர்கள் அதைக் காட்டிலும் கடுமையாகத் தம்மையே சோதித்துக்கொள்கிறார்கள்.

அந்த மனநிலையைச் சிறிது கவனிக்கவேண்டும். அது கோடீசுவரர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரே ஒரு வயோதிகக் குதிரையை வைத்துக்கொண்டு, நரம்பு வீக்கம் இன்று தணியும் நாளை தணியும் என்று காத்திருக்கும் ஏழைக் குடியானவனுக்கும் அதுவே நேர்கிறது. காலையில் லாயத்துக் கதவைத் திறக்குமுன், உள்ளே கால் மாற்றி நிற்கும் சப்தம் கேட்கிறதா என்று செவி முந்திக்கொண்டு ஓடுகிறது. தொட்டியில் தீவனம் மீதியிருந்தால் அன்றைய பொழுது இருண்டுவிடுகிறது; முழுவதும் தின்றிருந்தால், வைத்தியர் கூறிய எல்லா எச்சரிக்கையையும் மறந்து மனம் அடுத்த வருஷத்துப் புல்வெளியில் அதை ஓடவிட்டுப் பார்க்கிறது. ஒரே நாளில் நம்பிக்கையும் அவநம்பிக்கையுமாகப் பலமுறை ஏறி இறங்கும் இந்த அலைச்சலில் மனிதன் களைத்துப்போகிறான். மரணம் நேர்ந்த வீட்டுக்கு அயலார் வந்து துக்கம் விசாரிப்பார்கள். நோய்ப்பட்ட குதிரையின் லாயத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஒரு மிருகத்துக்காகவா இத்தனை என்று அவர்கள் பார்க்கும் பார்வையை எதிர்கொள்ளக் கூசி, அவன் தன் துக்கத்தைக் காரியங்களுக்குள் மறைத்துக்கொள்கிறான்: கட்டு மாற்றுவது, வைக்கோல் பரப்புவது, குளம்பைத் தொட்டுச் சூடு பார்ப்பது.

இவ்வளவு வேதனைக்கும் நடுவில், அவன் காணத் தவறுவது ஒன்று உண்டு. அவன் சுமக்கும் துக்கத்தில் பெரும்பகுதி குதிரையினுடையதன்று. நாம் காணும் அளவில், நாளை என்ற பயம் அந்தப் பிராணிக்கு இல்லை. தான் வென்ற பந்தயம் இனி இல்லையே என்று அது ஏங்குவதாகவும் நாம் அறியோம். அதற்குள்ளது இந்தக் கணத்து வலி, இந்தக் கணத்துச் சுகம், பக்கத்தில் வேறொரு குதிரை இருக்கிறதா என்ற தேட்டம், பழகிய கை வருகிறதா என்ற எதிர்பார்ப்பு. இழந்த எதிர்காலம், வீணான உழைப்பு, செய்திருக்க வேண்டியது செய்யாத குற்றம் ஆகியவை எல்லாம் நம்முடையவை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, அதன் கண்ணிலே நம் அச்சத்தைக் கண்டு, அதுவே அஞ்சுகிறது என்று நம்பிவிடுகிறோம். நித்தியம் எது, அநித்தியம் எது என்று பிரித்தறிவதை வேதாந்திகள் விவேகம் என்றார்கள். அந்த உயர்ந்த விவேகத்துக்குப் போகுமுன், இது அதன் வலி, இது என் வலி என்று பிரித்தறியும் சிறிய விவேகம் ஒன்று லாயத்திலே நமக்குத் தேவைப்படுகிறது. சிறியதென்றேனே தவிர, சுலபமானதென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சுலபமாகாததற்குக் குதிரையின் சுபாவமும் ஒரு காரணம். வேட்டை மிருகங்களுக்கு இரையாகும் குலத்திலே பிறந்த பிராணி அது; நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் முதலில் பலியாவது தானே என்ற ஆதி அச்சத்தினால், தன் வலியை மறைக்கவே அது பழகியிருக்கிறது. மறைக்கப்பட்டதை வாசிக்கக் கற்றுக்கொள்ளவேண்டும். 2014ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் குதிரையின் முகத்தைக் கொண்டே வலியை மதிப்பிடும் முறையொன்றை வெளியிட்டார்கள்: காதுகள் விறைத்துப் பின்னோக்குதல், இமை இறுகுதல், கண்ணுக்கு மேலுள்ள பகுதி புடைத்தல், தாடைத் தசை திரளுதல், உதடு இறுகி முகவாய் துருத்துதல், நாசி விரிந்து இழுபடுதல். இதைப் படித்தபோது எனக்கு ஒரு பக்தி உணர்ச்சியே உண்டாயிற்று. பிற உயிரின் முகத்தை, நம் விருப்பத்தையும் அச்சத்தையும் அதன்மேல் பூசாமல், உள்ளபடி காண முயல்வதைக் காட்டிலும் தூய தியானம் வேறு எதுவாக இருக்கக்கூடும்?

சமயவாதிகளில் சிலர் இந்த இடத்தில் கர்ம சித்தாந்தத்தைக் கொண்டுவருவார்கள். முற்பிறவியில் செய்த வினையை இந்த ஜீவன் அநுபவித்துத் தீர்க்கிறது, அதைக் குறித்துக் கலங்குவானேன் என்பார்கள். கர்மத்தை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்தச் சித்தாந்தம், தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பிறர்மேல் பழிபோடாமல் தாங்கிக்கொள்ளும் வலிமையை ஒருவனுக்கு அளிப்பதற்காகச் சொல்லப்பட்டது என்றே நினைக்கிறேன். பிறருடைய துன்பத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு அதை ஆதாரமாக்குவது, மருந்தை நஞ்சாக்குவது. வாயில்லா ஜீவனிடத்தில் அந்த நியாயத்தைப் பேசுவது இன்னும் கொடிது. அதனிடமிருந்து மறுமொழி வராது என்ற தைரியத்தில் அல்லவா பேசுகிறோம்!

மகாபாரதத்தில் இதைக் குறித்து எனக்கு மிகவும் ஆறுதலளிக்கும் ஒரு கட்டம் துரோண பர்வத்தில் இருக்கிறது. ஜயத்ரதனைச் சூரியன் மறைவதற்குள் கொல்வேன், தவறினால் தீப்புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்த பதினான்காம் நாள் அது. ஒவ்வொரு நாழிகையும் உயிருக்குச் சமானம். அந்த நாளின் நடுவிலே, அம்புபட்டுக் களைத்த தேர்க்குதிரைகளைக் கண்டு, போர்க்களத்தின் மத்தியிலேயே அவற்றை அவிழ்த்துவிடத் தீர்மானிக்கிறார்கள். அர்ஜுனன் தரையில் நின்று பகைவரைத் தடுத்துக்கொண்டே, அஸ்திரத்தால் பூமியைப் பிளந்து ஒரு நீர்நிலையை உண்டாக்கி, அம்புகளாலேயே ஒரு கூடமும் அமைக்கிறான். கண்ணன் குதிரைகளின் உடலிலே தைத்த அம்புகளைத் தன் கையாலேயே பிடுங்கி, அவற்றை உருவித் தேய்த்து, நீர் பருகச் செய்து, இளைப்பாறிய பின்னரே மறுபடி பூட்டுகிறான். சில நாட்களுக்கு முன் அதே தேர்த்தட்டில் நின்று ஆத்மாவுக்கு அழிவில்லை என்று போதித்தவன் அவன். அந்தப் போதனையை அவன் குதிரைகளுக்குச் சொல்லவில்லை. அவற்றின் புண்ணை ஆற்றினான். உடல் அநித்தியம் என்று உணர்ந்தவனுக்கே அந்த உடலின் வலியைத் துடைக்கும் அவசரமும் இருந்தது என்பதை, தத்துவத்தின் பெயரால் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள விரும்புவோர் யோசித்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் அம்பு பிடுங்கப்பட்டதும் எழுந்து ஓடும் குதிரைகளின் கதை அது. பிடுங்க முடியாத அம்பு தைத்திருக்கும்போது செய்யவேண்டியதென்ன?

இந்தக் கேள்வியில் நம் நாட்டு மகான்களின் வாக்குகளே ஒன்றோடொன்று மோதுவதைக் காண்கிறோம். வள்ளலார் தம்முடைய ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ஜீவர்களுக்கு நேரும் துன்பங்களாகப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்னும் ஏழையும் கூறுகிறார். பிணியும் கொலையும் ஒரே வரிசையிலே நிற்கின்றன. இரண்டும் நாம் நீக்கவேண்டிய துன்பங்கள். அப்படியிருக்க, ஒன்றை நீக்குவதற்கு மற்றொன்றை ஏவுவது எவ்வாறு பொருந்தும்? மகாத்மா காந்தியோ 1928ஆம் ஆண்டில், சபர்மதி ஆசிரமத்தில் மீளமுடியாத நோயினால் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றை, வைத்தியரைக் கொண்டு ஊசிபோட்டு முடித்துவிடச் செய்தார். அகிம்சையின் திருவுருவாகக் கருதப்பட்டவர் செய்த அந்தக் காரியம் தேசத்தையே கலக்கியது. கடுமையான கடிதங்கள் வந்து குவிந்தன. தம்முடைய பத்திரிகைகளிலே அவர் கூறிய சமாதானத்தின் சாரம் இது: கொல்வோனுக்கு அதில் சுயநலம் சிறிதும் இல்லாமல், சிகிச்சைக்கு வழியே இல்லாத உயிரின் வேதனையைத் தீர்ப்பதொன்றே நோக்கமாயிருந்தால், அது ஹிம்சையாகாது. அதே சந்தர்ப்பத்தில், பயிரை அழிக்கும் குரங்குகளைக் கொல்லும் யோசனையைப் பற்றி எழுதும்போது, அது நம் நலத்துக்காகச் செய்யப்படுவதாகையால் ஹிம்சையே என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். இரண்டு இடத்திலும் அவர் பிடித்த அளவுகோல் ஒன்றுதான்: யாருடைய வேதனை இதனால் தீர்கிறது?

அந்த அளவுகோலை நான் ஏற்கிறேன். ஏற்று, அவர் அன்று பேசவேண்டியிராத திசையிலும் அதை நீட்டிப் பார்க்கிறேன். பராமரிக்கும் களைப்பும் செலவும் தாங்காமல், கருணை என்று பெயர் சூட்டிக் கொல்வது சுயநலம் என்றால், பிரியமாட்டாத நம் துர்ப்பலத்தினால், நம்பிக்கை என்று பெயர் சூட்டி அதை நிறுத்தி வைத்திருப்பதும் சுயநலமே. முன்னதை உலகம் கண்டிக்கும். பின்னதை அன்பு என்று புகழ்ந்துவிடும். அதனாலேயே பின்னதில் ஏமாறுவது எளிது. வள்ளலாரின் வாக்கு இவ்விடத்தில் தள்ளத்தக்கதாகிவிடுவதாகவும் நான் கருதவில்லை. கொலை ஒரு துன்பமே என்ற உணர்வு இறுதிவரை நெஞ்சில் இருந்தால்தான், ஊசியை எடுக்கச் சொல்லும் நாக்கு ஒருமுறைக்குப் பலமுறை தயங்கும். அந்தத் தயக்கம் இல்லாதவர் கையில் காந்தியின் அனுமதி ஆபத்தானது.

பார்பரோவின் விஷயத்தில் ஜாக்சன் தம்பதியரும் வைத்தியரும் தொடக்கத்திலிருந்தே வெளிப்படையாகச் சொல்லிவந்தது ஒன்றுண்டு: குதிரை வேதனையில் உழலாமல் இருக்கும்வரையில் சிகிச்சை தொடரும். பிழைக்குமா என்ற கேள்வியைவிட, இன்று அது எப்படி இருக்கிறது என்பதையே அவர்கள் தம் கணக்குக்கு ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். தின்கிறதா, கண்ணில் ஒளி இருக்கிறதா, படுத்து எழுகிறதா என்று பார்த்துப் பார்த்து எட்டு மாதம் கழிந்தது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் இடக் குளம்பு மறுபடி கெட்டது. அதன் பாரத்தையும் சுமந்த வலக்காலில் சீழ்க்கட்டி கண்டது. அதற்காக மற்றோர் அறுவை நடந்தது. அதன்பின் முன்னங்கால்கள் இரண்டையும் லாமினைட்டிஸ் பற்றியது. நிற்பதற்கு நல்ல கால் ஒன்றுகூட மீதியில்லை. அத்தனை மாதமும் தன் கட்டுகளோடும் கயிற்றுத் தூக்கோடும் சாந்தமாகப் பழகியிருந்த குதிரை, அந்தக் கடைசி இரவில் நிலைகொள்ளாமல் தவித்தது; அது வேறொரு குதிரையாகவே மாறிவிட்டது என்று வைத்தியர் பின்பு தெரிவித்தார். ஜனவரி 29ஆம் தேதி காலையில் அதன் உயிர் ஊசியினால் அடங்கிற்று. நிருபர்கள் முன்னிலையில் செய்தியைக் கூறுகையில் டீன் ரிச்சர்ட்சன் கண்ணீர் விட்டார்.

அந்தக் காலை எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருக்கவேண்டும் என்று கூறுவோர் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. இலையுதிர்காலத்து வெயிலில் புல் மேய்ந்த நாட்கள் அந்தக் குதிரைக்கு உண்மையான நாட்கள். முடிவு இன்னதென்று பிறகு தெரிந்ததனால் அவை பொய்யாகிவிடமாட்டா. பிழைத்தெழுந்தால்தான் பராமரிப்புக்கு அர்த்தம் உண்டென்றால், சாகப்போகும் எந்த உயிருக்கும், அதாவது எந்த உயிருக்குமே, பணிவிடை செய்ய நியாயம் இராது. பலனைக் கருதாத கர்மம் என்று கீதை சொல்வதை நூல்களிலே படித்தறிந்தவர்களைக் காட்டிலும், தேறாதென்று தெரிந்த குதிரைக்குக் கட்டு மாற்றுகிறவன் அதிகம் அறிந்தவன்.

ஆயினும் அவனைக் குற்ற உணர்வு விடுவதில்லை. முன்பே விட்டிருக்கலாமோ என்று ஒரு குரலும், இன்னும் ஒருநாள் பார்த்திருக்கலாமோ என்று ஒரு குரலும், முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் அவனுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் தீர்ப்புக் கூறும் சாட்சி இறந்துவிட்டது. உயிரோடிருந்தாலும் அது பேசியிராது. இந்த நிலையில் மனிதர் பெரும்பாலும் பழியைச் சுமத்த வேறொருவரைத் தேடுவார்கள்: வைத்தியர், லாடம் அடித்தவர், சவாரி செய்தவர், கடைசியில் கடவுள். அது இயல்பே, ஆனால் அதுவும் நம் வேதனையைக் குதிரையின் பெயரால் பேசுவதே.

ஜாக்சன் தம்பதியர் பார்பரோவின் மறைவுக்குப் பின் அதே பல்கலைக்கழகத்துக்கு நிதி அளித்து, குதிரைகளின் நோய்களை ஆராய்வதற்கென்று ஒரு பேராசிரியர் பதவியை நிறுவினார்கள். வென்ற குதிரையின் பெயரை அதற்கு வைத்திருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். அவர்கள் வைத்தது, அந்தக் குதிரையைக் காப்பாற்ற முடியாமற்போன டீன் ரிச்சர்ட்சனின் பெயரை. எட்டு மாதமும் அதே முகத்தைத் தங்களோடு சேர்ந்து நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் என்பதைத் தவிர, அவர்களுக்கு வேறு காரணம் வேண்டியிருந்திராது என்றே நான் எண்ணுகிறேன்.